கை படாத பள்ளிக்கூடம்

இதுங்களா? மாவுக்கட்டுங்க. வலது கை ஒடஞ்சுபோச்சு. வண்டியில இருந்து விழுந்தீங்களான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. விழுகலீங்ணா. என்ற மச்சினன் தாடையில பட்டு ஒடஞ்சுது. அவனுக்குத் தாடை, எனக்குக் கை. ஒரே ஆஸ்பத்திரிதான். அவன் முன்வாசல்ல ஒறம்பரை சொந்தபந்தத்தோட போனான், நான் பின்வாசல்ல போலீசோட போனேன்.

அட, ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. காங்கயம் வரைக்கும் வேற சீட்டு கெடைக்காது. ஜன்னலோரம் வேணும்னா இக்கட்டால வந்துக்குங்க. நான் அடிக்கற ஆளு இல்லீங்க. சென்னியப்பன் களம்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். தேங்காய உரிச்சு, ஒடச்சு, காயப்போட்டு, மில்லுக்கு அனுப்பற தொழிலு. அத்தன பேரு வேலை செய்யறாங்க, இதுவரைக்கும் ரெண்டு பேரைத்தான் அடிச்சிருக்கறேன். அதும் அவிங்க நல்லதுக்கு.

இத்தனையும் எதுனால தெரியுங்களா? ஒரு பள்ளிக்கூடத்துனால. புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுங்கற ஒரு பேச்சுப் பழமையில ஆரம்பிச்சுது. நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. உங்களுக்குப் புள்ளைக இருக்குதுங்களா? அப்பச் சரி, உங்களுக்குப் புரியும்.

நான் படிச்சது எங்கூரு கவருமெண்டு பள்ளிக்கூடம். படிச்சது எங்கீங்க, அடி வாங்குனது. அங்கொரு வாத்தியாரு இருந்தாரு, கையில எப்பவும் பச்சைப் புளியம் வெளாறு வெச்சிருப்பாரு. ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வராதுங்க. இன்னிக்கும் வராது. இந்தச் சுண்டு வெரலைப் பாருங்க, வளஞ்சிருக்குதல்ல? அவரு குடுத்தது. ஒருநாளு பயத்துல டவுசரோட ஒண்ணுக்குப் போயிட்டேன். கிளாசே சிரிச்சுது, அவரும் சிரிச்சாரு. நான் மட்டும் மனசுக்குள்ள ஒண்ணைச் சொல்லி வெச்சுக்கிட்டேன். எனக்கொரு புள்ள பொறந்தா, அது மேல ஒருத்தன் கை படக்கூடாது. படிப்பு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, என்ற புள்ள மேல கை படக்கூடாது.

அதுக்குத்தானுங்க பிரைவேட்டு. அங்க வாத்தியாரு கை வெச்சா மறுநாளு வேலை போயிரும். கேமரா வெச்சிருக்கறாங்க கிளாசுக்குள்ள. என்ற பங்காளி தங்கவேலு அவம் பையனை அங்கதான் போட்டிருக்கறான். காலையில அந்த மஞ்சப் பஸ்ஸு என்ற களத்தைத் தாண்டித்தான் போகும். ஆரன் அடிச்சுக்கிட்டு, காயற கொப்பரை மேலயெல்லாம் புழுதியக் கெளப்பிப் போட்டுப் போகும். பாத்துட்டே நிப்பேன். அடுத்த வருசம் இதே பஸ்ஸு நம்ம களத்து முன்னால நிக்கோணும், நம்ம பாப்பா டை கட்டிக்கிட்டு ஏறோணும்னு நெனச்சுக்குவேன். தன்ஷிகான்னு பேருங்க பாப்பாவுக்கு. பேரே பாருங்க, பிரைவேட்டுப் பேரு.

என்ற பொண்டாட்டி சுகந்தி இருக்கறாளே, அவளுக்கு இது புடிக்கல. பிளஸ் டூ படிச்சவ. எட்டாவதுல நின்னவனுக்குப் பிளஸ் டூவைக் கட்டி வெச்சா இப்படித்தான். அவ பொறந்த ஊரு புதூரு, எங்களுக்குக் கூப்புடு தூரந்தான். அங்க இருக்கற கவருமெண்டு பள்ளிக்கூடத்துலதான் அவ படிச்சது. அங்கயே பாப்பாவச் சேக்கலாமுங்கறா. வசந்தமணி டீச்சர் இன்னும் இருக்கறாங்களாம், ஒவ்வொரு புள்ளையையும் மடியில வெச்சு எழுதப் பழக்குவாங்களாம், இப்ப அங்கயும் இங்கிலீசு மீடியம் வந்துருச்சாம்.

"அங்க அடிக்க மாட்டாங்க மாமா. இப்பெல்லாம் அங்க குச்சியே கெடையாது. பாப்பா பயப்படாம இருக்கும்"ன்னா.

பயப்படாம இருக்குமாமா! என்ற ஊட்ல என்ற புள்ள யாருக்குங்க பயப்படுது? சொல்லுங்க. சோறு தின்னுக்கிட்டு இருந்தேன், வட்டலத் தூக்கி வீசிட்டேன். அவ மேல வீசலீங்க, செவுத்து மேலதான் வீசுனேன். செவுத்துல பட்டுத் திரும்பி வந்து அவ நெத்தியக் கிழிச்சுப்போடுச்சு. அதுக்கு நான் என்னங்க பண்றது? நானா வட்டலத் திரும்பி வரச் சொன்னேன்? அப்பறம் நாந்தான் மஞ்சப்பொடி வெச்சு உட்டேன். அதைச் சொல்ல மாட்டா.

அந்தப் பிரைவேட்டுப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு முன்ன ஒரு இண்டர்வியூ இருக்குதுங்க. அப்பன், ஆத்தா, புள்ள மூணு பேரும் போகோணும். புள்ளைக்குப் படம் காட்டி இங்கிலீசுல கேப்பாங்களாம். தங்கவேலு சொன்னான். அவம் பையன் எல்லாத்தையும் கடகடன்னு சொன்னானாம். உன்ற புள்ளைக்கு வருமாடான்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், ஆனா கேட்டான்ல?

அதனால சாயங்காலத்துல பாப்பாவ நானே எதுக்கால உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். படம் போட்ட பொஸ்தகம் வாங்கியாந்தேன். ஆப்பிள், பால், கேட்டுன்னு இங்கிலீசுல எல்லாம் சொல்லும். அதென்னமோ யானைப் படத்தைக் காட்டுனா மட்டும் யானைன்னே சொல்லும். எலிபெண்ட்டுன்னு சொல்லு கண்ணும்பேன். தும்பிக்கையாட்டம் கைய ஆட்டிக்கிட்டு, யானைங்கும். சிரிக்கும். அது சிரிக்கறப்ப நல்லாத்தான் இருக்கும். முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துது.

இண்டர்வியூவுக்கு மொத நாளு. நானும் எத்தனையோ வாட்டி சொன்னேனுங்க. பொறுமையாத்தான் சொன்னேன். "எலிபெண்ட்டு சொல்லு." "யானை." "எலிபெண்ட்டு." "யானை." கடைசியில என்னையப் பாத்து, "நீ யானை"ங்குது. சுகந்தி அடுப்படியில சிரிக்கறா. எனக்குக் கிளாசு பூராச் சிரிச்சது ஞாபகம் வந்துருச்சுங்க. கன்னத்துல ஒரு அப்பு அப்பிட்டேன். மெதுவாத்தான். ஒண்ணே ஒண்ணு.

ஆமாங்க, தேங்கா ஒடைக்கற கைதான். அதுக்காக? சொந்தப் புள்ளைய அடிக்கறப்ப அப்பனுக்கு அளவு தெரியாதுங்களா? அது கட்டல்ல இருந்து அக்கட்டால போயி விழுந்துது. அது எளைச்ச புள்ளைங்க, காத்தடிச்சாலே விழுகும். அழுவும்னு பாத்தேன், அழுகவேயில்ல. தலைய ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டு, இடது காதைப் பொத்திக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்துது. அடுப்படியில இருந்து சுகந்தி கரண்டியோட ஓடியாந்தா. அவ மூஞ்சியப் பாத்ததும் எனக்கு வெறி வந்துருச்சு. அப்பறம் என்ன நடந்துதுன்னு எனக்குச் சரியா ஞாபகமில்ல. டிவி ஒடஞ்சு கெடந்துது. அவளுக்குத் தோள்பட்டை எறங்கிருந்துது. போச்சாது, அதை உடுங்க.

விடிஞ்சு பாத்தா பாப்பா தலையாணியில ஒரு சொட்டு ரத்தம். கொசுக்கடியச் சொறிஞ்சிருக்கும்னேன். நாந்தான் பாப்பாவுக்குத் தலை சீவி, பவுடர் அடிச்சு, புதுக் கவுனு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அங்க ஏசி ரூமுங்க. கண்ணாடி போட்ட மேசை. சுகந்தி பாப்பாவுக்கு வலது பக்கம் உக்காந்திருந்தா. இண்டர்வியூ பண்ற மேடம் எந்திரிச்சு வந்து, பாப்பாவுக்கு இடது பக்கமா ஒரு சேரைப் போட்டு உக்காந்து, தோளைத் தொட்டு, பேரென்னன்னு இங்கிலீசுல கேட்டாங்க. பாப்பா தலைக்கு மேல சுத்தற பேனையே பாத்துட்டு இருக்குது. மறுக்காக் கேட்டாங்க. பேனைப் பாக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு, அந்த ஏசியில. தங்கவேலு பையன் கடகடன்னு சொன்னானாம்! அப்பறம் அந்த மேடம் என்னமோ யோசனை பண்ணி, சுகந்திய எந்திரிக்கச் சொல்லிட்டு வலது பக்கம் வந்து உக்காந்தாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. உடனே, "மை நேம் இஸ் தன்ஷிகா"ங்குது! யானைப் படத்தைக் காட்டுனதும் எலிபெண்ட்டு, எலிபெண்ட்டு, எலிபெண்ட்டுன்னு மூணுவாட்டி. பாத்தீங்களா கொழுப்ப? தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான் மொத நாளு என்னையக் கேலி பண்ணியிருக்குது.

அதுக்கு அந்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுங்களா? "சீட் தர்றதைப் பத்திப் பிரச்சனை இல்லைங்க. ஆனா குழந்தைக்கு இடது காது கேக்கற மாதிரி தெரியல. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்தப் பக்கம் கன்னமும் வீங்கியிருக்கு. என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு சுகந்தியப் பாக்கறாங்க. சுகந்தி என்னையப் பாக்கறா.

என்ற புள்ளையச் செவிடுங்கறாங்க! நேத்து வரைக்கும் களத்துல தேங்கா உருள்ற சத்தத்தைக் கேட்டு ஓடியாற புள்ளைய! மேசைக் கண்ணாடி ஒடஞ்சுது. உலக உருண்டை ஒண்ணு இருந்துது, அதுவும் ஒடஞ்சுது. வாட்ச்மேன் ஓடியாந்தான், வயசான ஆளு, அவனையும் ஒரு தள்ளு தள்ளுனேன், படியில உருண்டுட்டான். தங்கவேலு பையன் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தான். அவ்வளவுதான், அந்தப் பள்ளிக்கூடம் போச்சு. அதுக்கப்பறம் அந்த மஞ்சப் பஸ்ஸு என்ற களத்து வழியாக் கூட வர்றதில்லீங்க, சுத்திக்கிட்டுப் போகுது.

சுகந்தி ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னா. என்ற புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னேன். போயித்தான் ஆகோணும்னா. அப்பவும் நான் சும்மாத்தான் இருந்தேன். வண்டிச் சாவியக் கேட்டா. அதுக்கப்பறந்தான் அடிச்சேன். மறுநாளு மில்லுல இருந்து திரும்பி வந்து பாத்தா ஊடு பூட்டிக் கெடக்குது. புள்ளையத் தூக்கிக்கிட்டு அண்ணனூட்டுக்கே போயிட்டா.

அவ அண்ணன் லோகநாதன் பால் சொசைட்டியில பால் அளக்கறவன். பாலு அளக்கற மாதிரியே பேசுவான், அளந்து அளந்து. போனுல, "மாப்ளெ, பாப்பாவக் காது டாக்டர்கிட்டக் காட்டிட்டோம். உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்குதாம். இனி நீங்க இங்க வர வேண்டாம்"ன்னான். கிழிஞ்சிருக்குதாமா! கேசு குடுக்கோணும்னா டாக்டருகிட்ட எதைக் கேட்டாலும் எழுதிக் குடுப்பாங்க, எனக்குத் தெரியாதுங்களா? அது எந்தக் காதுன்னு கூட நான் கேக்கல. எதுக்குக் கேக்கோணும்?

அப்பறம் பள்ளிக்கூடம் தொறக்கற நாளு வந்துது. புதூருல ஒரு பழக்கம் இருக்குதுங்க. வருசா வருசம் பள்ளிக்கூடத்துக்கு ஊர்க்காரங்க சீர் கொண்டுபோவாங்க. கல்யாணத்துக்குக் கொண்டுபோற மாதிரியே, மேளம் அடிச்சுக்கிட்டு, தட்டுத் தட்டா. ஒரு தட்டுல சிலேட்டு, ஒரு தட்டுல பந்து, பின்னால சீலிங் பேனு, தண்ணி டிரம்மு. புதுசாச் சேர்ற புள்ளைகளுக்கு மாலை போட்டு, தாய்மாமனுக தோள்ல தூக்கிக்கிட்டு முன்னால போவாங்க. மில்லுல வேலை செய்யற ஒருத்தன் வந்து, "ஏனுங்க, உங்க பாப்பாவுக்கு இன்னிக்குப் பள்ளிக்கூடச் சீராமே, நீங்க போகலீங்களா"ன்னு கேட்டான்.

அப்பன் நான் இருக்கறேன். கல்லாட்ட இருக்கறேன். என்ற புள்ளையக் கவருமெண்டுல சேக்கறதுக்கு ஊரைக் கூட்டிச் சீரு வெக்கறானுக. வண்டிய வெரட்டிக்கிட்டுப் போனேனுங்க.

பள்ளிக்கூட வாசல்ல புடிச்சுட்டேன். மொத ஆளா லோகநாதன். தோள் மேல பாப்பா, கழுத்துல சம்பங்கி மாலை, பொக்கைப் பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு வருது. என்னையப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. மேளக்காரனைத்தான் மொதல்ல அடிச்சேன், சத்தம் நிக்கட்டும்னு. அப்பறம் தட்டுகளை ஒதச்சேன். சிலேட்டுக நொறுங்கிப்போச்சு. பொம்பளைக கத்துது, புள்ளைக கத்துது. லோகநாதன் திரும்பி அடிப்பான்னு பாத்தேன். அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? ரெண்டு கையாலயும் பாப்பாவ எறக்கி அந்த வசந்தமணி டீச்சருகிட்டக் குடுத்துட்டு இருந்தான். நான் வர்றது தெரியுது, ஆனா கைய எடுக்கல. அப்பத்தான் குத்துனேன். பல்லு ரெண்டு கீழ விழுந்துது. என்ற கையில என்னமோ மொளக்குன்னுச்சு. விழுந்தவனை ஒதச்சேன். ரத்தம் சம்பங்கி மேல தெறிச்சுது. டீச்சரு பாப்பாவோட மூஞ்சியச் சேலைக்குள்ள பொதச்சுக்கிட்டாங்க.

அப்பத்தானுங்க சுகந்தி. சீர்த் தட்டுல பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு வெங்கல மணி வாங்கி வெச்சிருந்தாங்க. நல்ல கனம். என்ற பொண்டாட்டி, நான் தாலி கட்டுனவ, அதைத் தூக்கி என்ற மண்டையில ஒரே போடு. மணி அடிச்சுதுங்க. ஊருக்கே கேட்டிருக்கும். இதோ, இந்தத் தழும்பைப் பாருங்க. கட்டுன புருசனை நடுரோட்டுல வெச்சு அடிக்கறவ எப்படிப்பட்டவன்னு நீங்களே சொல்லுங்க. என்னைய எங்கப்பங்கூட அப்படி அடிச்சதில்ல. கீழ விழுந்ததுக்கப்பறம் ஊரே சேந்து மொத்துச்சு. தப்பில்ல, நானா இருந்தாலும் மொத்தியிருப்பேன்.

இப்ப பெயில்ல வந்திருக்கறேனுங்க. தெனமும் டேசன்ல போயிக் கையெழுத்துப் போடோணும். இடது கையிலதான் போடறேன், கோழி கிளறுன மாதிரி இருக்குது. புதூருக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கறாங்க. ஆனா இந்த பஸ்ஸு அந்தப் பள்ளிக்கூடத்து வழியாத்தானுங்க போகுது. என்னங்க பண்றது? பெத்த மனசு கேக்குமா? போன வாரம் எறங்கிட்டேன்.

வேலி ஓரமா நின்னு பாத்தேன். வேப்ப மரத்தடியில புள்ளைக உக்காந்திருக்குது. என்ற பாப்பா வரிசையில இடது கோடியில. டீச்சரும் மத்த புள்ளைகளும் அதுக்கு வலது பக்கமாவே இருக்கறாங்க. என்னமோ கேக்கறாங்க, பாப்பா டக்கு டக்குன்னு சொல்லுது, கை தட்டறாங்க. குண்டாயிருச்சுங்க, ஒரு சுத்து. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொய் சொல்லல, நெசமாவே வந்துருச்சு. அதுக்கு இடது பக்கத்துல, வேலிக்கு இக்கட்டால நின்னுக்கிட்டு, "கண்ணு! தன்ஷிகா கண்ணு!"ன்னு கூப்பிட்டேன். மத்த புள்ளைக அத்தனையும் திரும்பிப் பாக்குது. என்ற புள்ள மட்டும் திரும்பல. உள்ளங்கையில புளியங்கொட்டைய வெச்சு எண்ணிக்கிட்டு இருக்குது. பெத்த அப்பன் குரலு அதுக்குக் கேக்கலையாம்! அத்தனை சொல்லி வெச்சிருக்கறாங்க.

சுத்தி அந்தப் பக்கம் போனேன், வலது பக்கம். மறுக்காக் கூப்பிட்டேன். டக்குன்னு திரும்புச்சு. என்னையப் பாத்துச்சு. "அப்பா"ன்னு ஓடியாரும்னு கைய நீட்டுனேன், இந்த நல்ல கைய. அப்ப அது ஒண்ணு பண்ணுச்சுங்க. புளியங்கொட்டை எல்லாம் கீழ விழுக, ரெண்டு கையையும் தூக்கி, ரெண்டையும் ஒரே காது மேல வெச்சுப் பொத்திக்கிச்சு. வலது காது மேல. இறுக்கி. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே குனிஞ்சிருச்சு.

எனக்குத் தூக்கமே இல்லீங்க அன்னில இருந்து. எதுக்குப் பொத்தோணும்? யோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன். இப்பத்தான் வெளங்குது. அங்க அடிக்கறாங்ணா. காதுலயே அடிக்கறாங்க. இல்லீனா ஒரு புள்ள எதுக்குங்க அப்படிக் காதைப் பொத்துது? நான் அன்னிக்கே சொன்னேன், கவருமெண்டு வேண்டாம், அங்க கை வெப்பாங்கன்னு. கேட்டாளா? என்ற புள்ள மேல ஒருத்தன் கை படக்கூடாதுன்னுதான நான் இத்தனை பாடு பட்டது?

இன்னிக்குக் கேக்காம உடறதில்ல. அந்த டீச்சரம்மாவோ, எவளோ, எவனோ. கண்டக்டரு, பள்ளிக்கூட ஸ்டாப்புல ஒரு ஆளு எறங்கோணும்! அந்தப் பைய எடுங்ணா. பாப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கறேன், நடந்தா லைட்டு எரியும். எறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே போகப் போறேன்.

என்னங்க இது? எதுக்குச் சட்டையப் புடிக்கறீங்க? உடுங்க. ஒங்ககிட்ட மரியாதையாத்தான பேசிட்டு வந்தேன்? பஸ்ஸு நின்னுருச்சு, உடுங்க. டிரைவருகிட்ட என்னங்க சாடை காட்டறீங்க, வண்டிய எடுக்கச் சொல்றீங்களா? நானு அப்பனுங்க. அப்பன். உடப் போறீங்களா இல்லியா?

நல்லாப் பாத்துக்குங்க. வலது கைதான் ஒடஞ்சிருக்குது. இது இடது கை, நல்லாத்தான் இருக்குது.